முத்துப்பார் கண்ட பேராசிரியர்

முத்தினைச் சொல்லாத சைவ இலக்கியம் அரிது. ஆளுடைய பிள்ளையார்க்குத் திருநெல்வாயில் அரத்துறையிலே இறைவன் அருளியது முத்துச்சிவிகை. திருப்பட்டீச்சுரத்திலே வெயில் மறைத்து நின்றது முத்துப்பந்தர். பரஞ்சோதி முனிவர் மாணிக்கம் விற்ற படலத்திலே மணிகளின் பிறப்பையும் குணங் குற்றங்களையும் விரிக்குமிடத்து முத்தினையும் விடாது கூறினார். பாண்டியர் துறையாகிய கொற்கையோ முத்தினாலேயே யவனர் நாட்டிலும் பெயர் பெற்றது. இங்ஙனம் நம் நாவிலும் நூலிலும் பன்னூறாண்டு பயின்று வரும் இப்பொருள், சிப்பி என்னும் ஊமை உயிரின் உடலகத்தே எவ்வாறு தோன்றுகின்றது என்பதனைக் கடலிற் சென்று ஆராய்ந்தவருள் தலையாய ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் நம் நாட்டினரல்லர், நம் சமயத்தினருமல்லர். லிவர்ப்பூல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உயிர்நூல் கற்பித்த பேராசிரியர் வில்லியம் அபட் ஹெர்டுமன் என்பவரே அவர்.

அவர் வரலாறு எமக்கு எங்ஙனம் அணுக்கமாயிற்று என்பதனையும் சொல்லிவிடுதல் நன்று. எம்மூர் ஓட்டப்பிடாரம். ஊரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வார்க்கு வேப்பலோடை, தருவைகுளம் முதலிய கடற்கரை ஊர்கள் எதிர்ப்படும். அவற்றிற்கு அப்பால் மன்னார்க் குடாவாகிய முத்துக்கடல். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடைபெற்ற சலாபமே இக்கரையின் கடைசிப் பெருஞ்சலாபம். அதனை நேரிற் கண்ட எந்தையார், குவித்த சிப்பி அழுகும் நாற்றம் காற்றுத் திரும்பும்போதெல்லாம் ஊருக்குள் எவ்வளவு தொலைவு வந்தது என்றும், அந்நாற்றத்தினூடே நின்று மக்கள் எவ்வளவு ஆவலோடு ஏலம் கேட்டனர் என்றும் பலகாற் கூறுவர். பின்னாளிலே ஒரு நூலகத்தில் ஹெர்டுமன் எழுதிய முத்துச்சிப்பி அறிக்கையின் ஐந்து பகுதிகளையும் ஒருங்கே காணப் பெற்றேன். ஆங்கில நூற்பயிற்சி மிகுதியும் இல்லாத யான், அந்நூலிற் பயின்றார் ஒருவரை அருகிருத்திப் பல மாதம் அதனைக் கேட்டுணர்ந்தேன். அவ்வாறு உணர்ந்தவற்றோடு, பிறவாற்றான் தெளிந்தனவும் சேர்த்து ஈண்டுத் தருகின்றேன்.

ஹெர்டுமன் 1858 செப்டம்பர் 8-ஆம் நாள் ஸ்காத்துலாந்து நாட்டு எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் இராபர்ட் ஹெர்டுமன், பெயர்பெற்ற ஓவியர். ஓவியன் மகன் உருவங்களை உற்று நோக்கும் கண்ணோடு வளர்ந்தது வியப்பன்று. எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தே அவர்க்கு வாய்த்த ஆசிரியர் வைவில் தாம்சன். இத்தாம்சனே 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்னும் கப்பலில் ஏறி, சுமார் 69,000 கடல்மைல் சுற்றி, பெருங்கடல்களின் ஆழத்தை அளந்து, அடித்தரையில் வாழும் உயிர்களை வாரிக்கொணர்ந்த அறிஞர் குழுவிற்குத் தலைவராய் இருந்தவர். கொணர்ந்த பொருள்களை வகைசெய்து அறிக்கையாக்கும் அலுவலகம் எடின்பரோவிலே இருந்தது. அங்கே இளைஞர் ஹெர்டுமன் உதவியாளராய் அமர்ந்தார். ஐம்பது பெருந்தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கையிலே ஓர் உயிரினத்தைப் பற்றிய மூன்று பகுதிகளை எழுதும் பொறுப்பு அவர் கையில் வந்தது.

அவ்வினம், பாறைகளிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொண்டு, தொட்ட அளவில் நீரைப் பீச்சும் தோற்பை போன்றதோர் உயிர். கண்டார் இதனை ஓர் உயிரென்றே கருதார். ஆயின் இதன் குஞ்சோ வாலுடையதாய்த் தவளைக்குஞ்சு போல நீந்தித் திரிவது. அவ்வாலினுள்ளே முதுகெலும்பிற்கு முன்னோடியாகிய ஒரு தண்டு உண்டு. மூளையின் தொடக்கமும் ஒளியுணரும் பொறியும் உண்டு. சில நாழிகையோ சில நாளோ நீந்தியபின் ஒரு பாறையிலே தலையை ஒட்டிக்கொண்டு, வாலையும் தண்டையும் கண்ணையும் இழந்து, வெறும் பையாகி அமர்ந்து விடுகின்றது. 1866-இல் உருசிய அறிஞர் கோவலெவ்சுக்கி இவ்வியல்பினை வெளிப்படுத்தியபோது உயிர்நூலார் பெரிதும் வியந்தனர். மேனிலைக்குரிய கருவிகள் அமைந்திருந்தும் அவற்றை இழந்து கீழ்நிலையில் ஒட்டிக்கிடக்கும் ஓர் உயிரை நாள்தோறும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்த ஒருவர்க்கு என்னென்ன எண்ணங்கள் தோன்றியிருக்கும் என்று யான் நினைப்பதுண்டு. மெய்கண்ட நூல்களிற் பயின்றார்க்கு ஓர் உவமை கைவந்து நிற்கும். அவரோ உவமை தேடாது, எத்தனை வகை, எவ்வெக் கடலில், எவ்வளவு ஆழத்தில் என்று எழுதிக்கொண்டே போயினார்.

1881-ஆம் ஆண்டு லிவர்ப்பூலிலே புதிதாகத் தோன்றிய கல்லூரியில் இயற்கைநூற் பேராசிரியப் பதவி ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முதலில் அமர்ந்தவர் ஹெர்டுமன். அப்போது அவர்க்கு அகவை இருபத்து மூன்று. அக்கல்லூரி 1903-இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள், அதாவது 1919 வரை, அப்பதவியை விட்டு அவர் அகலவில்லை.

அவர் கற்பித்த முறை தனித்தது. ஏட்டில் எழுதிய உயிரை ஏட்டிலேயே கற்பது கல்வியாகாது என்பது அவர் கொள்கை. லிவர்ப்பூல் கப்பல்கள் நிறைந்த துறைமுகம். எதிரே ஐரிசுக் கடல். 1885-இல் லிவர்ப்பூல் கடல்வாழ் உயிராராய்ச்சிக் குழு ஒன்றைக் கூட்டி, அக்கடலில் உள்ள உயிர் ஒவ்வொன்றையும் பட்டியலிடத் தொடங்கினார். இக்குழுவிலே பேராசிரியர் மட்டும் இருந்தாரல்லர். வணிகர் முதலிய பிற தொழிலோரும் இருந்தனர். தண்ணீர்த்துளியில் தத்தித் திரியும் நுண்ணிய இறாலினங்களையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஐசக் தாம்சன் என்பவர் அவருள் ஒருவர். கற்றோரும் ஊதியங் கருதாத ஆர்வலரும் ஒரே தோணியில் அமர்ந்து ஒரே வலையை இழுத்த அக்காட்சி நம் மடங்களிலே அடியார்கள் சாதியும் செல்வமும் பாராது கூடிய பழங்காலத்தை எனக்கு நினைவூட்டுகின்றது.

1887-இல் பஃபின் தீவிலும், 1892-இல் மான் தீவின் தென்மேற்குக் கோடியாகிய போர்ட் எரின் என்னும் சிற்றூரிலும் கடற்கரை ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். போர்ட் எரின் நிலையமே நிலைத்தது. ஈஸ்டர் விடுமுறை வந்ததும் மாணவரை அழைத்துக்கொண்டு அங்கே செல்வர். வற்றம் பார்த்துப் பாறையிடுக்குகளில் இறங்குதல், வலைவீசுதல், வாரியதைத் தட்டில் பரப்பி இனம் பிரித்தல், மாலையில் அதனைப் பற்றிப் பேசுதல், இதுவே பாடம். 1899 முதல் ஒரு கடலுயிர்க்கு ஒரு சிறுநூலாக மாணவர்க்கென நூல்வரிசை ஒன்றை வெளியிட்டார். முதல் நூலை அவரே எழுதினார், தம் பழைய நீர்பீச்சும் உயிரைப் பற்றியே. ஆசிரியர் சொன்னதை மாணவர் சொல்லும் கல்வியினின்று, மாணவர் கண்டதை ஆசிரியர் கேட்கும் கல்விக்கு அவர் வழிகோலினார். ஜேம்சு ஜான்ஸ்டன் முதலிய கடல்நூலறிஞர் அவ்வழியில் உருவாயினர்.

அவருடைய ஆராய்ச்சியில் விளையாட்டும் கலந்திருந்தது. ஓடில்லாக் கடல்நத்தைகள் சில மிக்க வண்ணமுடையன. அவ்வண்ணம், தாம் உண்ணத் தகாதன என்று மீன்களுக்கு அறிவிக்கும் எச்சரிக்கையோ என்னும் ஐயம் அந்நாளில் நிலவியது. ஹெர்டுமன் அவற்றை மீன்தொட்டியில் இட்டு மீன்கள் உண்கின்றனவா, உமிழ்கின்றனவா என்று பார்த்தார். அவ்வளவில் அமையாது, ஒன்றை உயிரோடே தாமே வாயிலிட்டு மென்று, அது சிப்பியிறைச்சி போன்ற சுவையுடையது என்று எழுதி வைத்தார்! புலால் மறுத்த நமக்கு இச்செய்தி அருவருப்பைத் தரும். ஆயினும் பிறர் சொல் கேட்டு எழுதாது தம் நாவையே கருவியாக்கிய அவர் துணிவை மறுப்பதற்கில்லை.

பயன்தரும் ஆராய்ச்சியும் செய்தார். ஆங்கிலேயர் பச்சையாக உண்ணும் ஆளிச்சிப்பியால் குடற்காய்ச்சல் பரவுகின்றதென்ற அச்சம் எழுந்தபோது, ரூபர்ட் பாய்ஸ் என்னும் நோய்நூற் பேராசிரியரோடு கூடி, சாக்கடை கலந்த நீரில் வளரும் சிப்பியில் நோய்க்கிருமி தங்குவதையும், தூய கடல்நீர் ஓடுமிடத்தில் இட்டால் அது குறைவதையும் காட்டினார். இவ்வாராய்ச்சி 1899-இல் நூலாயிற்று. சிப்பியைப் பற்றி யாரைக் கேட்பது என்ற வினா எழுந்தால் ஹெர்டுமனைக் கேட்க என்ற நிலை இதனால் உண்டாயிற்று.

அவ்வினா நம் கடலிலிருந்து எழுந்தது. இலங்கைப் பக்கத்து மன்னார்க் குடாவிலே 1891-இல் நடந்த சலாபத்திற்குப் பின் பத்தாண்டு சிப்பியே இல்லை. அரசிற்கு வருவாய் நின்றது. குளியாளும் சம்மாட்டியும் வேறு தொழில் தேடினர். நம் நாட்டு முத்துக் குளிப்பார்க்கு இது புதிதன்று. பார் சில ஆண்டு விளையும், பல ஆண்டு கிடக்கும். ஆயின் ஏன் என்பதற்கு விடையில்லை. குடியேற்றநாட்டு அமைச்சு, அறிஞர் இரே லாங்கெஸ்டர் பரிந்துரைத்தபடி, ஹெர்டுமனை அனுப்பியது. ஜேம்சு ஹார்னெல் என்னும் இளைஞரைத் துணையாகக் கொண்டு 1902 சனவரியில் அவர் கொழும்பு வந்திறங்கினார். லேடி ஹாவ்லாக் என்னும் நீராவிக் கப்பலில் ஏறி, மன்னார்க் குடாவின் பார்களை ஒவ்வொன்றாகத் துருவினார். வாருவலை இட்டும், குளியாளை இறக்கியும், அடித்தரை மணலா பாறையா பவளமா என்று குறித்தும், நீரின் வெப்பமும் உப்பும் அளந்தும் அவர் செய்த வேலை சில மாதங்களே எனினும் நெருக்கமானது. பேராசிரியக் கடமை அழைத்தமையால் அவ்வாண்டே ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கிக் காலியிலே ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் அமைத்துத் தொடர்ந்தார்.

அவர் கண்டவற்றுள் முதன்மையானது பெரிய பாரைப் பற்றியது. கரைக்குச் சுமார் 20 மைல் அப்பால், வடக்குத் தெற்காக 11 மைல் நீண்டு கிடப்பது அப்பார். அதனையடுத்து மேற்கே கடல் திடீரென ஆழ்ந்து நூறு பாகத்திற்கு மேற்செல்லும். அப்பாரிலே ஆண்டுதோறும் இளஞ்சிப்பி அளவின்றிப் படியும். மறு ஆண்டு சென்று பார்த்தால் ஒன்றும் இராது. 1880-க்குப் பின் பதினொரு முறை அவ்வாறு படிந்தும் ஒருமுறையேனும் சலாபத்திற்குரிய முதிர்ச்சி அடைந்ததில்லை. நம் குளியாட்கள் அதனைத் தாய்ப்பார் என்றனர். அங்குப் பிறந்த சிப்பி கரைப்பார்களுக்குச் சென்று குடியேறுகின்றது என்பது அவர் எண்ணம். ஹெர்டுமன் அவர் சொல்லைப் புறக்கணித்தாரல்லர். அங்கே சிப்பி பெருகுவது உண்மை என்று அறிந்துகொண்டார். ஆயின் அது கரைப்பார் சேர்வதில்லை, தென்மேற்குப் பருவக் கச்சான் காற்றெழுப்பும் அலையும் நீரோட்டமும் அவ்விளஞ்சிப்பிகளைப் பெயர்த்து ஆழத்தில் தள்ளிவிடுகின்றன என்று தெளிந்தார். அவர் 1902 மார்ச்சிற் கண்ட அளவிறந்த குஞ்சுகள் அவ்வாண்டு முடிவிற்குள் மறைந்து அவர் கூற்றிற்குச் சான்றாயின.

ஆதலின் அவர் கூறிய பரிகாரமும் எளியது. அழியப்போகும் இளஞ்சிப்பியைக் கச்சானுக்கு முன் வாரியெடுத்துச் செவல் பார் முதலிய காவலான பார்களில் இடுக. சிப்பி பற்றிக்கொள்ளக் கல்லும் ஓடும் கொட்டுக. நெருக்கமாக உள்ளவற்றைக் கலைத்து விடுக. பாரறிந்த ஒருவரை ஆண்டு முழுதும் காவலாக வைத்திடுக. நாற்று பறித்து நடும் உழவர்க்கு இது விளங்காததன்று. கடலையும் வயலாக்கலாம் என்று அவர் கருதினார்.

இனி முத்துப் பிறப்பிற்கு வருவோம். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது பழைய வழக்கு. மணற்பொடி உட்புகுந்து உறுத்த, சிப்பி அதனைப் பூசி மூடும் என்பது அந்நாளைய மேனாட்டார் பலரின் எண்ணம். ஹெர்டுமனும் ஹார்னெலும் பல்லாயிரம் சிப்பிகளை அரிந்து பார்த்து, மணல் கருவாயுள்ள முத்து மிகச் சிலவே என்று கண்டனர். தசை பற்றுமிடத்தில் உண்டாகும் சிறுமுத்துக்களுக்குச் சுண்ணப் பொடியே கரு என்றனர். ஒளியும் உருட்சியும் சிறந்த நன்முத்தின் உள்ளேயோ நாடாப்புழுவின் குஞ்சு இறந்து கிடப்பதாக முடிவு செய்தனர். அப்புழு சிப்பியுட் சிறிதளவே வளரும். சிப்பியைத் தின்னும் கிளாத்தி முதலிய மீனுடலிற் புகுந்து, அம்மீன்களைத் தின்னும் திருக்கையின் குடலில் முழு வளர்ச்சி பெறும். அதன் முட்டை மீண்டும் கடலிற் கலந்து சிப்பியைச் சேரும். இதுவே அவர் வகுத்த சுழற்சி. இதன் விளைவு வியப்புடையது. திருக்கை சிப்பிக்குப் பகை. ஆயின் அப்பகையை முற்றும் ஒழித்தால் முத்தும் ஒழியும்! முத்தென்பது சிப்பிக்கு நேர்ந்த நோயின் கல்லறை என்றாயிற்று. அறிஞர் பலர் இதனை ஏற்றனர்; நாளிதழ்களும் விரும்பி எடுத்துரைத்தன.

ஆயின் இக்கொள்கை நிலைக்கவில்லை. லிஸ்டர் ஜேம்சன் என்பவர் 1912-இல் இலங்கை முத்துக்களை மீண்டும் அறுத்து ஆராய்ந்து, நாடாப்புழு முத்திற்குக் கரு என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று மறுத்தார். சிப்பியின் உடலிலே உருண்டையான புழுக்குஞ்சுகள் இருப்பது உண்மை; அவையே முத்தாகின்றன என்பது பிழை. அதற்குச் சற்று முன்னரே சப்பானியர், ஓட்டினைச் சுரக்கும் மேற்போர்வைத் தோலின் உயிரணுக்கள் உடலுட் பெயர்ந்து சென்று ஒரு பையாக அமைதலே முத்திற்குக் காரணம் என்று கண்டு, அப்போர்வையிற் சிறுதுண்டை வெட்டிக் கருமணியோடு உட்செலுத்தி உருண்டை முத்து விளைக்கும் வழியை வகுத்திருந்தனர். புழுவோ மணலோ எதுவாயினும் வாயில். பை இன்றி முத்தில்லை. இன்று உலகெங்கும் விற்கும் வளர்ப்பு முத்து அனைத்தும் இவ்வுண்மையின் மேல் நிற்பவை.

இங்கே நம்மவர் சிலர், மேனாட்டார் நூலெல்லாம் இப்படித்தான், இன்று சொல்வது நாளை பொய் என்று நகைப்பதுண்டு. யான் அவ்வாறு கருதவில்லை. தம் கையால் அறுத்த சிப்பியின் எண்ணையும், கண்ட இடத்தையும், வரைந்த படத்தையும் ஹெர்டுமன் முழுதும் அச்சிட்டு வைத்தமையாலன்றோ ஜேம்சன் அவர் பிழையைக் காண முடிந்தது? மறைத்துவைத்த பிழையை யாரும் திருத்த முடியாது. பூர்வபக்கத்தை முழுவலிமையோடு நிறுவிய பின்னரே அதனை மறுத்தல் வேண்டும் என்னும் நம் சாத்திர மரபினர்க்கு இதன் அருமை விளங்கும். ஆயினும் ஒரு குறை சொல்லாதிருத்தலும் ஆகாது. நாடாப்புழுக் கொள்கையை அவர் சற்று விரைந்து பறைசாற்றினார்; கண்டது ஒன்றும் கருதியது ஒன்றுமாயிருக்க, இரண்டினையும் ஒரே குரலிற் கூறினார்.

அதனினும் கனத்த விளைவு கடலில் நேர்ந்தது. 1903-இல் பார் மீண்டும் விளைந்தது. 1905-ஆம் ஆண்டுச் சலாபம் மரிச்சுக்கட்டியிலே நடந்தபோது சுமார் 8 கோடிச் சிப்பி எடுக்கப்பட்டது. அரசிற்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் வந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு கூறு அரசிற்கும் ஒரு கூறு குளியாளுக்கும் என்பது முறை. கீழக்கரையாரும் தூத்துக்குடிப் பரதவரும் அரபியரும் வெறுங்கடற்கரையிலே தங்கள் வாடிகளை நட்டுச் சில வாரங்களில் ஒரு நகரத்தையே எழுப்பினர். இவ்விளைவிற்கு ஹெர்டுமன் காரணரல்லர். அவர் வந்தபோதே அச்சிப்பிகள் பாரில் இருந்தன. ஆயினும் இனிப் பார் அறிவின் ஆட்சிக்குட்பட்டது என்ற நம்பிக்கை அரசிற்கும் வணிகர்க்கும் பிறந்தது. 1906-இல் இலங்கைப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க் குத்தகையாக இருபது ஆண்டிற்கு ஓர் ஆங்கிலக் கூட்டுக்கழகம் எடுத்துக்கொண்டது. 1907-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு சிப்பி மறைந்தது. கழகம் சில ஆண்டுகளில் நொடிந்தது. மறு சலாபம் 1925-இல் தான். இடம் மாற்றி நட்ட சிப்பிகளும் எதிர்பார்த்த பயன் தரவில்லை. கூட்டுக்கழகத்தார் இழந்தது முதல். கரையிலிருந்த குளியாட்கள் இழந்தது ஒரு தலைமுறையின் தொழில். அவர்களை எந்த அறிக்கையும் எண்ணிக் கூறவில்லை.

அதே 1906-இல் எம்மூர்ச் சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடிக்கும் கொழும்பிற்குமிடையே சுதேசிக் கப்பல் விட முனைந்தார்கள் என்பதனை ஈண்டு நினையாதிருக்க முடியவில்லை. ஒரே கடல், ஒருபால் கடலடியைக் குத்தகைக்கு விட்டனர், மறுபால் கடல்மேற் செல்லும் உரிமைக்காக ஒருவர் சிறை சென்றார். 1935-இல் சிவஞானபோதத்திற்கு உரை வெளியிட்டவரும் அவரே என்பதனை இதழன்பர்கள் அறிவர்.

ஹார்னெல் 1905-இல் நம் பக்கத்துப் பார்களைப் பற்றிச் சென்னை அரசிற்குத் தனி அறிக்கை தந்தார். பின்னர் அம்மாகாண மீன்துறைக்குத் தலைவராகவும் விளங்கினார். 1914-இல் அவர் சங்கினைப் பற்றி எழுதிய நூல், வலம்புரியின் பெருமையையும் நம் கோயில் வழக்கங்களையும் ஒருங்கு தொகுப்பது. அது தனியே எழுதத்தக்கது.

ஊர் திரும்பிய ஹெர்டுமன் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக அறிக்கையை அரசர் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். முத்தைப் பற்றிய கொள்கை சாய்ந்த பின்னும் அந்நூல் சாயவில்லை. இலங்கைக் கடலின் பஞ்சுயிர், பவளம், நண்டு, புழு, மீன் என்று நாற்பதுக்கும் குறையாத இனங்களைத் துறைவல்லார் பலரைக்கொண்டு எழுதுவித்து அதனுட் சேர்த்திருந்தார். நம் கடலுயிர்க்குப் பெயரிடுவார் இன்றும் அதனைத் திறவாது செல்லார். நத்தையினத்தையும் சிப்பியினத்தையும் ஈரறிவுயிர் என்ற ஒரு வகையுள் அடக்கினார் தொல்காப்பியனார். அவ்வீரறிவினுள்ளே எத்தனை நூறு வேறுபாடு என்பதனை இவ்வறிக்கையிற் காணலாம்.

1907 முதல் அவர் மனம் வேறோர் ஆராய்ச்சியிற் சென்றது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் எங்கும் ஒருசீராகப் பரவியுள்ளன, ஆதலின் சில இடத்து அளந்தால் முழுக்கடலையும் கணக்கிடலாம் என்று கீல் நகரத்து ஹென்சன் கூறியிருந்தார். ஹெர்டுமன் தம் சொந்தச் செலவில் வாங்கிய படகிலேறி, மான் தீவின் தென்பால் ஒரே கடற்பரப்பில் ஆண்டு பலவாக வலை இழுத்தார். அருகருகே ஒரே நேரத்தில் இழுத்த இரு வலைகளிலும் வேறுவேறு அளவு கிடைத்தது. மேகம் போலவும் மந்தை போலவும் அவ்வுயிர்கள் திரள்கின்றன, சமமாக இல்லை என்று நிறுவினார். முத்துப்பாரிற் கற்ற பாடம் இதிற் பயன்பட்டது போலும்; இவ்வாராய்ச்சியில் அவர் குரல் தணிந்தே கேட்கின்றது.

கடலுக்கு வெளியே அவர்க்கு உவப்பானது பழம்பொருள். மான் தீவிலே கல்வட்டங்களும் பழங்கல்லறைகளும் செதுக்கிய சிலுவைக் கற்களும் மிகுதி. கெர்மோடு என்பவரோடு சேர்ந்து அவற்றைப் பற்றிப் படங்களோடு ஒரு நூல் 1904-இல் எழுதினார். முத்தறிக்கை அச்சாகிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே இதற்கும் பொழுது கண்டார் என்றால் அவர் உழைப்பை அளவிடலாம். இவையன்றி, பிரித்தானிய அறிவியற் பேரவையின் பொதுச் செயலாளராய்ப் பதினாறு ஆண்டும், லின்னேயசுக் கழகத்தின் தலைவராய் நான்கு ஆண்டும் இருந்தார்.

அவர் இல்வாழ்க்கை துயரின்றி அமையவில்லை. முதல் மனைவியார் இளமையில் இறந்தார். 1893-இல் லிவர்ப்பூல் கப்பல் வணிகர் ஆல்பிரட் ஹோல்ட்டின் மகளார் ஜேனை மணந்தார். போர்ட் எரின் நிலையத்திற்கும் படகிற்கும் அவ்வம்மையார் துணை நின்றார். அவர்க்கு ஒரே மகன் ஜார்ஜ். 1916 சூலை முதல் நாள் பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரையில் தொடங்கிய பெரும்போரின் முதல் நாளிலேயே அவ்விளைஞன் மாண்டான். ஓராண்டு செல்லாமுன்னே தந்தையும் தாயும் மகன் பெயரால் லிவர்ப்பூலில் நிலநூற் பேராசிரியப் பதவி ஒன்றை நிறுவினர். 1919-இல் கடல்நூலுக்கும் ஒரு பேராசிரியப் பதவி நிறுவினர். அந்நாட்டில் அத்துறைக்கு அதுவே முதல். முதலாண்டு ஹெர்டுமனே அதில் அமர்ந்து, மறு ஆண்டு தம் மாணாக்கர் வழிவந்த ஜான்ஸ்டனை அமர்த்தி விலகினார். மகனை இழந்தார் பலர் கோயிலும் சத்திரமும் கட்டுதலை நாம் கண்டிருக்கின்றோம். வாளா அழுதிராது ஒரு கல்வி இருக்கையை நிறுவியமையும் அத்தகையதே.

1920-இல் கார்டிப் நகரிற் கூடிய அறிவியற் பேரவைக்குத் தலைமை தாங்கியபோது, சேலஞ்சர் போன்றதொரு புதிய கடற்செலவு வேண்டும் என்று வேண்டினார். இளமையில் ஆசிரியர் கொணர்ந்த குப்பிகளைத் திறந்த கை, முதுமையில் அடுத்த தலைமுறைக்கு மற்றொரு கப்பலைக் கேட்டது. அவ்வேண்டுகோள் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. 1922-இல் அரசு அவர்க்குச் சர் பட்டம் அளித்தது. அவ்வாண்டே மனைவியாரும் மறைந்தார். 1923-இல் கடல்நூல் வளர்த்த முன்னோர் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். அதில் தம் ஆசிரியர் வைவில் தாம்சனுக்கு இடம் தந்து, தம்மைச் சொல்லும் இடங்களைச் சுருக்கியே சென்றார். 1924 சூலை 21-ஆம் நாள் தம் அறுபத்தாறாம் அகவையில் காலமானார்.

போர்ட் எரின் நிலையம் பல்கலைக்கழகத்தின் கீழ் நெடுங்காலம் நடந்து 2006-இல் மூடப்பட்டது. நம் பக்கத்திலோ, 1961-க்குப் பின் சலாபம் நின்ற கடலிலே, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்து அழகர்சாமி என்னும் அறிஞர் 1973 சூலையில் போர்வைத் துண்டும் கருமணியும் உட்செலுத்தி முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். 1981-இல் தூத்துக்குடியிலேயே முட்டையிலிருந்து முத்துச்சிப்பியை வளர்க்கவும் வழி கண்டனர். ஹெர்டுமன் கூறிய புழு அம்முத்தில் இல்லை. இளஞ்சிப்பியைக் காவலான இடத்தில் வைத்து வளர்க்க வேண்டும் என்று அவர் கூறியதோ இருக்கின்றது. அழகர்சாமி அதனைச் செய்த இடம் வேப்பலோடை. எம்மூரிலிருந்து கிழக்கே கடற்கரையில் உள்ள அச்சிற்றூரே.